தங்கவயலில் ஓவியம் கற்பதும் கற்பிப்பதும்

கோலார் தங்கவயலில் தூரிகை எடுப்பவரின் கண்ணில் முதலில் படுவது டம்ப். சுரங்கத்திலிருந்து மேலே வந்த பாறையை மில்லில் மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய மண்ணைப் பல பத்தாண்டுகள் கொட்டிவந்ததால் எழுந்த குன்றுகள் அவை. வெளியூர்க்காரர்கள் மலை என்றே நினைப்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அது சைனைடு டம்ப். அடுத்துக் கண்ணில் படுவது சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழியான ஷாஃப்டின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரமான ஹெட்கியர். மூன்றாவது, தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகள். இந்த மூன்றையும் ஒழுங்காக வரையப் பழகியவருக்கு நிலக்காட்சி, கட்டமைப்பு, மனித வாழிடம் என்ற மூன்று பெரிய பாடங்கள் கைவந்துவிடும். ஓவியம் கற்க வேண்டுமானால் ஊரைவிட்டுப் போயாக வேண்டும் என்ற எண்ணம் தங்கவயலில் பலருக்கு உண்டு. கல்லூரிக்குப் போவது நல்லதுதான்; ஆனால் அடிப்படைப் பயிற்சிக்கு வேண்டிய பொருள் வாசலிலேயே கிடக்கிறது.

அந்தப் பொருளின் வரலாறு தெரியாமல் அதை வரைவது வீண். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் சுரங்க நிறுவனம் இங்கே கால்பதித்தது. வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித் மக்கள், ஷாஃப்டுகளில் இறங்கினார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி நீரில் எடுத்த மின்சாரம் சுரங்கங்களுக்கு வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தன. 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் எல்லாம் நின்றது. உரிகத்தின் அகன்ற பங்களாக்களும் சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் பக்கத்து லைன் வீடுகளும் ஒரே காலத்தில், ஒரே தங்கத்தின் பேரில் எழுந்தவை. மூங்கில் தட்டியும் தகரமுமாகத் தொடங்கிய ஓரறைக் குடியிருப்புகளையும், தாழ்வாரமும் தோட்டமும் சூழ்ந்த துரை வீடுகளையும் ஒரே தாளில் அடுத்தடுத்து வரைந்து பார்க்கும் மாணவர், சுவரின் உயரம், சன்னலின் அகலம், இரண்டு வாசல்களுக்கு நடுவே உள்ள தூரம் ஆகிய மூன்றிலிருந்தே இந்த ஊரின் கதையைப் படித்துவிடுவார். அளவு என்பது ஓவியத்தில் அழகுக்கான விதி மட்டும்தான் என்று கற்பிப்பவர்கள் பாதியைத்தான் கற்பிக்கிறார்கள்.

மண்ணின் நிறம்

தங்கவயலை வரைபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் நிறம். சமீபத்திய திரைப்படங்கள், குறிப்பாக 2018இலும் 2022இலும் வந்த இரண்டு கன்னடப் படங்கள், இந்த ஊரைப் புகையும் கரியும் படிந்த இருட்டாக உலகத்துக்குக் காட்டிவிட்டன. அவற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் தங்கள் ஊரை வரையச் சொன்னால் கறுப்புச் சாயத்தைத்தான் முதலில் எடுக்கிறார்கள். சன்னலுக்கு வெளியே இருக்கும் ஊரோ கண் கூசும் அளவுக்கு வெளிறியது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில், மரம் குறைந்த மேட்டுநிலத்தில், அரைத்த பாறைமாவு வெயிலைத் திருப்பி அடிக்கும் இடம் இது. நிலக்கரிச் சுரங்கத்தின் கறுப்பு தங்கச் சுரங்கத்துக்குப் பொருந்தாது.

டம்பின் நிறத்தைக் கலப்பது ஒரு முழு நாள் பாடம். வெள்ளையில் கறுப்பைக் கலந்து சாம்பல் உண்டாக்கினால் அது சிமென்ட் சுவராகிவிடும். வெள்ளையோடு மஞ்சள் காவியைக் கலந்து, அதில் அல்ட்ராமரின் நீலத்தைத் தூரிகை நுனியளவு சேர்த்தால் டம்பின் பகல் நிறம் வரும். நீலம் ஒரு சொட்டு கூடினால் நிழல் பக்கம். காவி கூடினால் வெயில் பக்கம். மழை அரித்த வாய்க்கால்கள் டம்பின் உடல் முழுவதும் மேலிருந்து கீழே ஓடுகின்றன. அவற்றின் உட்பக்கத்தில் வெயில் நேராக விழாது. எதிர்ச்சுவரில் பட்ட ஒளி மட்டும் தெறித்து வரும். அதனால் அந்த நிழல் குளிர்ந்த நீலமாக இல்லாமல் வெதுவெதுப்பான பழுப்பாக இருக்கும். இதைக் கண்ணால் கண்டு நம்புவதற்குள் பெரும்பாலான மாணவர்கள் இரண்டு மூன்று தாளைக் கெடுத்துவிடுவார்கள், கெடுக்கட்டும். மழை பெய்த மறுநாள் அதே டம்ப் இரண்டு படி இருண்டு, ஈரக் களிமண் போலத் தெரியும். மாலையில் சில நிமிடங்கள் இளஞ்சிவப்பு ஏறும். அந்தச் சில நிமிடத்துக்காகக் காத்திருந்து வரைவதைவிட, வேலைநாள் முழுவதும் இருக்கிற பகல் நிறத்தைப் பிடிப்பதே கடினமான பயிற்சி. முதலில் செய்ய வேண்டியதும் அதுதான்.

ஊரின் அடியில் இருப்பது வேறு நிறம். கோலார் பாறைப்பட்டை வடக்குத் தெற்காக நீளும் கரும்பச்சை சாயல்கொண்ட பழம்பாறை. அதைச் சுற்றி வெளிர்நிற நைஸ் பாறைகள். கரும்பாறையின் நடுவே வெண்சாம்பல் நிறக் குவார்ட்ஸ் ரேகைகளாக ஓடுகிறது. தங்கம் இருந்தது அந்த ரேகைகளில். ஒரு கைப்பிடி கல்லை உடைத்துப் பார்த்தால் இந்தக் கருமையும் வெண்மையும் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். தங்கவயலை வரையும் ஓவியரின் வண்ணத்தட்டு இங்கிருந்து அமையலாம்: மேலே வெளிறிய காவி, அடியில் பச்சை படிந்த கருமை, சாலையோரத்தில் செம்மண். பொன்னிறச் சாயம் மட்டும் தேவைப்படாது. மண்ணுக்கடியில் தங்கம் பளபளத்துக்கொண்டு இருந்ததில்லை. வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிதாகவே பெரும்பாலும் கல்லில் கலந்திருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். உள்ளூர் மண்ணை அரைத்துக் கோந்தில் கலந்து சாயமாக்கும் பழக்கம் இப்போது ஓவியப் பட்டறைகளில் பரவியிருக்கிறது. செம்மண்ணுக்கு அது நல்ல பயிற்சி. டம்ப் மண்ணைக் கொண்டு அப்படிச் செய்யக் கூடாது. அது நுரையீரலுக்குள் போகக்கூடிய நுண்ணிய சிலிக்கா தூசி. சயனைடு முறையில் மிஞ்சிய வேதிப்பொருள்களும் பாறையிலிருந்த கந்தகக் கனிமங்களும் அதில் உண்டு. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி வீடுகளுக்குள் வந்து படிவதைப் பற்றி ஊர் மக்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். டம்பைத் தள்ளி நின்று வரைய வேண்டும். காற்று தூசியைக் கொண்டுபோகும் பக்கத்துக்கு எதிர்ப்புறமாக உட்கார வேண்டும். பிள்ளைகளை அதன்மேல் ஏற்றக் கூடாது. மூடிய ஷாஃப்டுகளின் வேலிக்குள்ளும் பாழடைந்த மில் கட்டடங்களுக்குள்ளும் அனுமதியின்றிப் போய் வரைவதும் இதேபோல் ஆபத்தானது. எந்த ஓவியமும் அந்த அளவுக்கு அவசரமானதாக இருக்க முடியாது.

ஹெட்கியரும் கோடும்

கோட்டுப் பயிற்சிக்கு ஹெட்கியரைப் போன்ற ஆசிரியர் அரிது. உச்சியில் சக்கரம், அதன்மேல் ஏறி இறங்கும் கம்பி வடம், சக்கரத்தைத் தாங்கும் நேர்க்கால்கள், வடத்தின் இழுவையை எதிர்த்து இழுவிசை இயந்திரம் இருக்கும் பக்கமாகச் சாய்ந்து ஊன்றிய இரண்டு கால்கள். சாய்ந்த கால்கள் எதற்காக அந்தப் பக்கம் சாய்கின்றன என்பது புரிந்தவர் கோபுரத்தைச் சரியாக வரைவார். புரியாதவர் வரைந்த கோபுரம் எப்போதும் பின்பக்கமாக விழப்போவது போலவே இருக்கும். பொருளின் வேலை தெரியாமல் அதன் உருவம் பிடிபடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உருப்படி கிடைப்பது கடினம்.

வரையும் முறை இப்படி. பென்சிலைக் கையை நீட்டிப் பிடித்து மொத்த உயரத்துக்கும் அடியகலத்துக்கும் உள்ள விகிதத்தை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு இரும்புச் சட்டங்களை வரையத் தொடங்காமல், சட்டங்களுக்கு நடுவே தெரியும் வானத்துண்டுகளை வரைய வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு முக்கோணமாகவோ, கோணலான நாற்கரமாகவோ இருக்கும். வானத்துண்டுகள் சரியாக விழுந்தால் இரும்பு தானாகவே சரியாக நிற்கும். இரும்பை ஒவ்வொரு கம்பியாகத் தொடங்கியவர் பாதி வழியில் கணக்குத் தவறித் திணறுவார். சக்கரத்தை வட்டமாகப் போடுவது அடுத்த சறுக்கல். கீழே நின்று, பக்கவாட்டில் பார்ப்பவருக்கு அது ஒடுங்கிய நீள்வட்டம். நீள்வட்டத்தின் அச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பென்சிலை வைத்து அளந்த பிறகே கோடு போட வேண்டும்.

கோட்டுக்கு இவ்வளவு இடம் கொடுப்பது தென்னிந்திய ஓவிய மரபில் புதியதல்ல. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியில், பின்னாளில் கே.சி.எஸ். பணிக்கர், எஸ். தனபால் ஆகியோரின் காலத்து மாணவர்கள் கோட்டையே தங்கள் முதன்மை மொழியாக்கிக்கொண்டார்கள். கோயில் சிற்பமும் நாட்டார் உருவமும் அவர்களுக்கு அந்தக் கோட்டைக் கொடுத்தன. தங்கவயல் மாணவருக்கு இரும்பு அதைக் கொடுக்கிறது. இரண்டுக்கும் தேவையான பயிற்சி ஒன்றுதான்: அழிப்பானை ஒதுக்கிவைத்துவிட்டு, பேனாவாலோ இந்தியன் இங்க் தொட்ட மூங்கில் குச்சியாலோ வரைவது. அழிக்க முடியாது என்று தெரிந்த கை, கோடு போடும் முன் கூடுதலாகப் பார்க்கும்.

பார்க்க முடியாததை வரைவது

இந்த ஊரின் உழைப்பு நடந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. ஷாஃப்டுகள் 2001இலேயே மூடிவிட்டன. நிலத்தடி நீர் நிரம்பியிருக்கிறது. கீழே போய் வரைய இன்றைக்கு வழியில்லை. ஆனால் கீழே போக முடிந்த காலத்திலேயே அந்த வேலை ஓவியர்களைத் தடுமாறச் செய்தது. இங்கிலாந்தின் ஹென்றி மூர் 1941 இறுதியில், போர்க்கால ஓவியர் திட்டத்தின் கீழ், தன் சொந்த ஊரான காசில்ஃபோர்டின் வீல்டேல் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார். அவருடைய தந்தை வேலைசெய்த அதே சுரங்கம். அதுவரை பெண்ணுருவங்களையே, அதுவும் அசையாமல் படுத்தும் அமர்ந்தும் இருக்கும் உருவங்களையே, பெரும்பாலும் செய்துவந்த சிற்பி அங்கே ஓயாமல் அசையும் ஆண் உடல்களையும் இருளையும் எதிர்கொண்டார். கீழே குறிப்பேட்டில் சிறு குறிப்புகளை எடுத்துக்கொண்டு, மேலே வந்த பிறகே படங்களை உருவாக்கினார். குறிப்பும் நினைவும் சேர்ந்துதான் அந்த வரிசை பிறந்தது.

தங்கவயலில் குறிப்பேட்டின் இடத்தில் இருப்பவர்கள் முன்னாள் தொழிலாளர்கள். அவர்களிடம் போய் "சுரங்கம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் செய்தித்தாளில் வரும் பதிலே கிடைக்கும். "வெளிச்சம் எங்கிருந்து வந்தது தாத்தா? பக்கத்து ஆள் முகம் தெரியுமா, கை தெரியுமா?" என்று கேட்டால் ஓவியருக்கு வேண்டியது கிடைக்கும். தலையில் விளக்கு கட்டியவருக்கு ஒளி தன் கண்ணருகிலிருந்தே புறப்படுகிறது. ஆகவே அவர் நேரே பார்க்கும் பொருளில் நிழல் அவர் கண்ணுக்கு ஒளிந்துகொள்ளும்; பாறை தட்டையாகத் தெரியும். ஆழத்தைக் காட்டுவது பக்கவாட்டிலிருந்து வரும் அடுத்தவரின் விளக்குதான். எதிரே வருபவர் நிமிர்ந்து பார்த்தால் முகம் இராது; ஒரு வெள்ளைப் பொட்டும் அதற்குக் கீழே தோளின் விளிம்பும் மட்டுமே இருக்கும். இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு வரைந்த நிலத்தடிக் காட்சி நம்பும்படி இருக்கும். கறுப்பைப் பூசி நடுவே மஞ்சள் வட்டம் போட்ட காட்சி நாடக மேடையாகிவிடும்.

வெப்பத்தையும் ஒலியையும் நிறமாக்க முயல்பவர்கள் அளவோடு செய்ய வேண்டும். மிக ஆழத்தில் பாறையே 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருந்தது. பாறை திடீரென்று வெடித்துச் சிதறும் ராக் பர்ஸ்ட் விபத்துகள் பல உயிர்களைக் கொண்டுபோயின. பழைய ஆட்கள் அதை ஏர் பிளாஸ்ட் என்பார்கள். அதை வரைய விரும்பும் இளம் ஓவியர்கள் வெடிப்பின் கணத்தைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அதைவிட, ஷாஃப்டின் வாயருகே ஆட்களை ஏற்றி மேலே வரும் கேஜ் கூண்டுக்காகக் காத்து நிற்கும் பெண்களின் முதுகுகளை வரைவது கடினம். அதிகம் சொல்வதும் அதுவே.

முகமும் உடலும்

தங்கவயலில் ஓவியருக்கு நிலையாக வரும் வேலை ஒன்று உண்டென்றால் அது முகம் வரைவது. ஒரு குடும்பத்தார் தாத்தாவின் பழைய அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவருவார்கள். தபால்தலையைவிடச் சற்றே பெரியது, ஓரம் மடங்கியிருக்கும், முத்திரை பாதி முகத்தில் விழுந்திருக்கும். "இதைப் பெருசாக்கிக் கொடுங்க அண்ணே" என்று கேட்பார்கள். அம்பேத்கர், புத்தர், மாதா, அரசியல் தலைவர்கள், திருமணப் பலகை என்று மற்ற வேலைகளும் வரும். இவற்றைக் கூலி வேலை என்று ஒதுக்கும் கல்லூரி மாணவர்கள், உருவப்படத்தின் மிகச் சிறந்த பயிற்சியை விட்டுவிடுகிறார்கள்.

விளம்பரப் பலகையும் சினிமா பேனரும் எழுதிய பழைய கைகள் இந்த வேலையைச் செய்த விதம் பாடமாக வைக்கத் தக்கது. சிறு படத்தின்மேல் நூல் பிடித்துக் கட்டம் போடுவார்கள். பெரிய பரப்பில் நூலில் சாக்பீஸ் பொடி தடவி, இழுத்து அடித்து, அதே எண்ணிக்கையில் கட்டம் போடுவார்கள். கட்டம் கட்டமாகக் கோடு மாறும். இதுவரை இயந்திர வேலை. இதற்குமேல்தான் ஓவியர் தேவைப்படுகிறார். தபால்தலை அளவில் கண் என்பது ஒரு கறுப்புப் புள்ளி. இரண்டடி உயரத்தில் அந்தப் புள்ளிக்குள் இமை, வெண்விழி, கருமணி, ஒளிப்பொட்டு எல்லாம் வேண்டும். அவை எதுவும் படத்தில் இல்லை. எங்கிருந்து எடுப்பது? மகனின் முகத்திலிருந்தும் பேத்தியின் முகத்திலிருந்தும் எடுக்க வேண்டும். படம் கொண்டுவந்தவர்களை உட்காரவைத்து, யாருக்கு அவர் கண், யாருக்கு அவர் தாடை என்று கேட்டு, எதிரே இருக்கும் உயிருள்ள முகத்தைப் பார்த்து வரைந்தால், இறந்தவர் முகம் மீளும். கைபேசிச் செயலியில் படத்தைத் தெளிவாக்கிக் கொண்டுவருபவர்கள் இப்போது அதிகம். அந்தச் செயலி இல்லாத கண்ணைத் தன் இஷ்டத்துக்குப் போட்டு நிரப்பும். பார்க்க அழகாக இருக்கும், தாத்தாவாக இராது.

முழு உடலை வரையும்போது உழைப்பின் பாரம் எங்கே விழுகிறது என்பதே கேள்வி. சென்னை மெரினாவில் 1959இல் திறந்துவைக்கப்பட்ட உழைப்பாளர் சிலையைத் தமிழர் எல்லோரும் பார்த்திருப்பார்கள். சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக 1957 வரை இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். நான்கு முகங்களையும் மறைத்துவிட்டுப் பார்த்தாலும், எந்தக் கால் தரையை அழுத்துகிறது, எந்த முதுகு தள்ளுகிறது என்று சொல்லிவிடலாம். மாணவர்கள் இதை நான்கு பக்கமும் சுற்றிவந்து வரைவது நல்லது. பாறையின் எடை பக்கத்துக்குப் பக்கம் எப்படி மாறித் தெரிகிறது என்பது அப்போதுதான் விளங்கும்.

மறுபக்கம் ஜோசஃப் ஹெர்மன். போலந்திலிருந்து தப்பிவந்த யூத ஓவியரான இவர் 1944இல் வேல்சின் அஸ்ட்ரட்கன்லைஸ் என்ற சுரங்க ஊருக்குச் சில நாள் தங்கப்போய் 11 ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். அவர் வரைந்த சுரங்கத் தொழிலாளர்கள் பெரும்பாலும் வேலை செய்வதில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்கள், சுவரில் சாய்ந்திருப்பார்கள், வேலை முடிந்து வீட்டுக்கு நடப்பார்கள். தங்கவயலில் இன்று கிடைப்பதும் இந்த உடல்தான். வேலை நின்றபின் மிஞ்சிய உடல். லைன் வீட்டு வாசலில் உட்காரும் முதியவரின் தோள் இன்னும் தாழ்ந்த கூரைக்காகக் குனிந்தே இருக்கிறது. விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்குப் போய் இரவில் திரும்பும் அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெட்டியில் தூங்கும் விதத்தில் வேறொரு களைப்பு இருக்கிறது. ஊரின் இன்றைய உழைப்பாளர் ஓவியம் அந்தப் பெட்டியில் இருக்கிறது. அதை வரைய சிறு குறிப்பேடும் பால்பாயிண்ட் பேனாவும் போதும். தூங்குபவர் விழித்துக் கேட்டால் படத்தைக் காட்டி, வேண்டாம் என்றால் கிழித்துவிட வேண்டும்.

கற்பித்தல்

சுரங்க ஊரில் ஓவியம் கற்பிப்பதற்கு ஒரு சிறந்த முன்மாதிரி இங்கிலாந்தின் ஆஷிங்டனில் உண்டு. 1934இல் அங்கிருந்த நிலக்கரித் தொழிலாளர்கள், தொழிலாளர் கல்விச் சங்கத்தின் வழியாக, கலையைப் புரிந்துகொள்ள மாலை வகுப்பு கேட்டார்கள். நியூகாசிலிலிருந்து ராபர்ட் லயன் என்ற ஓவிய ஆசிரியர் வந்தார். மறுமலர்ச்சிக் கால ஓவியங்களின் படங்களைத் திரையில் காட்டி விளக்கினார்; வகுப்புக்கு அது ஒட்டவில்லை. உடனே முறையை மாற்றி, அவர்களையே வரையச் சொன்னார். வாரம் ஒரு தலைப்பு. வீட்டில் வரைந்து கொண்டுவர வேண்டும். எல்லோருடைய படத்தையும் மாட்டிவைத்து எல்லோரும் பேச வேண்டும். வீட்டுச் சுவருக்கு அடிக்கும் சாயத்தை ஒட்டுப்பலகையில் பூசினார்கள். ஆலிவர் கில்போர்ன் போன்றவர்கள் தாங்கள் வேலைசெய்த சுரங்கத்தின் நுணுக்கங்களை, வெளியிலிருந்து வந்த எந்த ஓவியரும் அறிய முடியாத நுணுக்கங்களை, வரைந்துவைத்தார்கள். அவர்கள் யாரும் தொழிலை விட்டு ஓவியராகப் போகவில்லை. குழு சுமார் 50 ஆண்டுகள் நீடித்தது. படங்கள் இன்று உட்ஹார்ன் அருங்காட்சியகத்தில் அந்த ஊர்ச் சொத்தாக இருக்கின்றன.

தங்கவயலில் தாங்களே கூடிக் கற்கும் மரபு ஆஷிங்டனைவிடப் பழையது. அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் வேரூன்றிய ஊர் இது. அவர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழை, அவருக்குப் பின் 1926இல் ஜி. அப்பாதுரையை ஆசிரியராகக் கொண்டு இங்கிருந்தே மறுபடி நடத்தினார்கள். ஷாஃப்டில் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் படித்தார்கள், எழுதினார்கள், விவாதித்தார்கள், அச்சிட்டார்கள். எழுத்துக்கு அமைந்த அந்தக் கூட்டுறவு ஓவியத்துக்கும் அமைய முடியும். வேண்டியது ஓர் அறை, வாரத்தில் ஒரு மாலை, படத்தை மாட்ட ஒரு கயிறும் கிளிப்பும்.

அந்த மாலையில் ஆசிரியரின் பங்கு என்ன? தலைப்பு கொடுப்பது முதலாவது. "இயற்கைக் காட்சி" என்று சொன்னால் இரண்டு மலை, நடுவே சூரியன், ஒரு ஓடை, ஒரு தென்னை என்று எல்லாத் தாளிலும் ஒரே படம் வரும். தங்கவயலில் ஓடும் ஓடையைப் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர்? "தண்ணீர்க் குழாயடியில் காலை ஆறு மணி", "மூடிய கதவு", "அப்பாவின் பெட்டி", "ரயிலில் இடம்பிடிப்பது" என்று கொடுத்தால் வகுப்பில் உள்ள தலைகளுக்குத் தக்கபடி வேறுவேறு படங்கள் வரும். அடுத்து, பேச்சு. படத்தைப் பார்த்தவுடன் "நல்லா இருக்கு" என்று சொல்லும் ஆசிரியர் பேச்சை மூடிவிடுகிறார். "இதுல முதல்ல உன் கண்ணு எங்க போச்சு?" என்று பக்கத்து மாணவரைக் கேட்க வேண்டும். அவர் சொல்லும் இடமும் வரைந்தவர் காட்ட நினைத்த இடமும் ஒன்றாக இருந்தால் படம் வேலை செய்கிறது. வேறாக இருந்தால், எது இழுத்துக்கொண்டு போனது என்று இருவரும் சேர்ந்து தேடுவார்கள். பெரும்பாலும் அது தேவையற்ற இடத்தில் விழுந்த கடுஞ்சிவப்பாகவோ, ஓரத்தில் வெட்டுப்பட்ட ஒரு முகமாகவோ இருக்கும். ஆசிரியர் மாணவரின் தாளில் தன் கையால் திருத்தக் கூடாது. காட்ட வேண்டுமானால் பக்கத்தில் வேறு தாளில் வரைந்து காட்டலாம். தாளைத் திருத்தி வாங்கிய மாணவர் அடுத்த முறையும் தாளை நீட்டிக்கொண்டுதான் நிற்பார்.

நகலெடுப்பதைத் தடைசெய்யும் ஆசிரியர்களும் உண்டு; அது தேவையற்ற கண்டிப்பு. பெல்ஜியத்தின் போரினாஜ் சுரங்கப் பகுதியில் மதபோதகராகப் போய், 1880இல் அங்கிருந்தபடியே ஓவியராக முடிவெடுத்த வான்கோ, சார்ல் பார்க்கின் பயிற்சிப் படங்களைத் தாள்தாளாக நகலெடுத்தே தொடங்கினார். அதே நாட்களில் பனியில் வேலைக்குப் போகும் தொழிலாளர்களையும் வரைந்தார். காலையில் நகல், மாலையில் நேரடி என்று இரண்டும் சேர்ந்து போக வேண்டும். கைபேசித் திரையில் பார்த்து நகலெடுப்பதுதான் பயனற்றது. அங்கே சாயத்தின் தடிப்பும் தூரிகையின் திசையும் படத்தின் உண்மையான அளவும் தெரியாது.

அவற்றை நேரில் காணத்தான் பெங்களூர். சுமார் 100 கிலோமீட்டர். காலை ரயிலில் போய் இரவில் திரும்பலாம். சித்ரகலா பரிஷத்தில் நிக்கலஸ் ரோரிக்கின் இமயமலை ஓவியங்கள் இருக்கின்றன. மலையை மூன்று நான்கு தட்டை நிறங்களில் முடிக்கும் அந்த முறை டம்பை வரைபவருக்கு நேராகப் பயன்படும். அவனீந்திரநாத் தாகூரிடம் கற்ற கே. வெங்கடப்பா ஊட்டியையும் கொடைக்கானலையும் வரைந்த நீர்வண்ணப் படங்களில், ஒரே மலையின்மேல் வெளிச்சமும் மூடுபனியும் மாறுவதைத் தாளின் வெண்மையைக் கெடுக்காமல் எப்படிப் பிடித்தார் என்று பார்க்கலாம். 2009இல் திறந்த தேசிய நவீன ஓவியக்கூடமும் அரண்மனை சாலையில் இருக்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தால் ஒன்றும் மனதில் நிற்காது. ஒரே படத்தின் முன் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பென்சிலால் நகலெடுத்துவிட்டுத் திரும்புவது மேல். தொடர்ந்து கற்க விரும்புவோருக்குப் பரிஷத்தின் கல்லூரி, ஆர்.எம். ஹடபத் தொடங்கிய கென் கலைப்பள்ளி, மைசூரின் காவா கலைக் கல்லூரி, சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகள் ஆகியவை உண்டு. சேர்க்கைத் தேர்வில் நேரடியாகப் பார்த்து வரையும் திறனுக்கு மதிப்பு அதிகம். ரயில் குறிப்பேடு அப்போது கைகொடுக்கும்.

பொருளும் பாதுகாப்பும்

தொடக்கத்தில் விலையுயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம். கார்ட்ரிஜ் தாள், 2பி, 6பி பென்சில்கள், கரித்துண்டு, ஐந்து போஸ்டர் கலர் குப்பிகள் போதும்: வெள்ளை, மஞ்சள் காவி, பழுப்பு, அல்ட்ராமரின், ஒரு சிவப்பு. கறுப்பை வாங்காமல் இருந்தால் பழுப்பையும் நீலத்தையும் கலந்து கருமை செய்யப் பழக்கம் வரும். அந்தக் கருமை சுரங்கத்துக்கும் பொருந்தும். தூரிகையில் மட்டும் சிக்கனம் கூடாது. முடி உதிரும் பத்துத் தூரிகைகளைவிட நல்ல தட்டைத் தூரிகை ஒன்றும் வட்டத் தூரிகை ஒன்றும் நெடுங்காலம் உழைக்கும். எண்ணெய் வண்ணத்துக்கு அவசரப்பட வேண்டியதில்லை; காய நாள் பிடிக்கும், டர்பன்டைன் வாடை ஓரறை வீட்டில் குழந்தைகளுக்கு ஆகாது. வெளியில் உட்கார்ந்து வரையும்போது ஈர வண்ணத்தில் தூசி ஒட்டும். தாளைச் செங்குத்தாக நிறுத்தி, காற்றுக்கு முதுகு காட்டி வேலை செய்ய வேண்டும்.

முடித்த படங்களைச் சுவரோடு ஒட்டி மாட்டினால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். சட்டத்தின் பின்புறம் நான்கு மூலையிலும் சிறு கார்க் துண்டு வைத்து, காற்றுக்கு இடைவெளி விட வேண்டும். தாள் ஓவியங்களைச் சுருட்டிவைப்பதைவிட, இடையில் வெண்தாள் வைத்து அட்டைக்குள் படுக்கவைப்பது நல்லது. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் எழுத வேண்டும்: எந்த ஷாஃப்ட், எந்த லைன், எந்தப் பக்கமிருந்து பார்த்தது, எந்த மாதம், என்ன நேரம். முகமானால், அவர் எந்தச் சுரங்கத்தில் என்ன வேலை பார்த்தார், படத்தைப் பிறருக்குக் காட்ட அவரோ குடும்பத்தாரோ சம்மதித்தார்களா என்பதும் வேண்டும். ஹெட்கியர்கள் துருப்பிடித்து இறங்குகின்றன. டம்புகளை மறுபடி அரைத்துத் தங்கம் எடுக்கும் பேச்சு அவ்வப்போது எழுகிறது. லைன் வீடுகள் ஒவ்வொன்றாக மாற்றிக் கட்டப்படுகின்றன. இருபது ஆண்டு கழித்து ஒரு படத்தில் இருப்பது எந்த இடம் என்று கேட்பவருக்கு அந்தப் பென்சில் வரிகளே ஆதாரம். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும் என்பதால் அவற்றைப் பென்சிலால்தான் எழுத வேண்டும்.